அப்புத்தளை – ஹல்துமுல்லை

அப்புத்தளை, இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தின் தென்மேற்கு விளிம்பில் உள்ள சிறிய மலை நகரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், இரு பக்கமும் சரிந்து இறங்கும் ஒடுங்கிய மலைமுகட்டில் அமைந்துள்ளது. 1893இல் ரயில் பாதை வந்ததை அடுத்து தோட்டங்களின் சந்தையாகவும் நிலையமாகவும் வளர்ந்தது. முகட்டின் தெற்குச் சரிவில், கொழும்பு வீதியோரமாக உள்ள பழைய ஊர் ஹல்துமுல்லை. இரண்டும் இன்று தனித்தனிப் பிரதேச செயலகப் பிரிவுகள். ஆயினும் மேலே ரயிலும் கீழே மாட்டுவண்டிப் பாதையும் இடையில் தேயிலை மலைகளுமாக இவற்றின் வரலாறு ஒன்றோடொன்று பின்னியது. இப்பகுதித் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டங்களில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்.

அமைவிடம்

அப்புத்தளை முகடு ஒரு நீர்ப்பிரிமேடு. வடக்குப் பக்கம் பெய்யும் மழை ஊவாவின் ஆறுகள் வழியாக மகாவலியைச் சேர்ந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. தெற்குப் பக்கத்து மழை வளவை கங்கை, கிரிந்தி ஓயா வழியாகத் தென்கடலை அடைகிறது. தெற்கே மலை செங்குத்தாக இறங்குவதால், வானம் தெளிந்த நாளில் நகரத்தின் தெருவில் நின்றபடியே தாழ்நிலக் காடுகளையும் குளங்களையும் காணலாம். பிற்பகலில் கீழிருந்து எழும் முகில் சில நிமிடங்களில் கடைத்தெருவை மூடிவிடும்.

வீதிகள் சந்திக்கும் இடம் முகட்டின் கீழுள்ள பெரகலைச் சந்தி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக வரும் ஏ4 வீதி இங்கிருந்து கொஸ்லாந்தை, வெல்லவாய நோக்கிச் செல்கிறது. அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் ஏறும் ஏ16 வீதி தொடங்குவதும் இதே சந்தியில்தான். இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்த (263 மீற்றர்), கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள தியலும (220 மீற்றர்) ஆகிய இரண்டும் இந்தத் தெற்குச் சரிவிலேயே விழுகின்றன.

ரயிலுக்கு முன்

தாழ்நிலத்திலிருந்து ஊவாவுக்குள் ஏறும் கணவாய்களில் ஒன்று ஹல்துமுல்லைப் பாதை. கண்டி இராச்சியத்தின் காலத்தில் இதற்குப் படைமுக்கியத்துவம் இருந்தது. போர்த்துக்கீசர் காலக் கோட்டை ஒன்றின் எச்சங்கள் ஹல்துமுல்லையில் உள்ளன. 1630இல் பதுளையைத் தாக்கிவிட்டுத் திரும்பிய போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் தோற்று உயிரிழந்தார். 1817–18இல் பிரித்தானியருக்கு எதிராக ஊவாவில் எழுந்த கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. வயல்களும் கிராமங்களும் எரிக்கப்பட்டதால் மாகாணம் நெடுங்காலம் தலையெடுக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. மூட்டைகள் மாட்டுவண்டியில் ஹல்துமுல்லை வழியாக இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களு கங்கையில் படகேறிக் களுத்துறைக்குப் போயின. மழைக்காலத்தில் வண்டிகள் நாட்கணக்கில் வழியிலேயே நின்றன. அரிசி இதே பாதையில் மேலே ஏறியது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்துவிட, அந்த நிலத்தில் தேயிலை நடப்பட்டது. அப்புத்தளையின் புனித அந்திரேயா தேவாலயம் கோப்பிக் காலத்தின் மிச்சமாக நிற்கிறது.

ரயில் பாதையின் வருகை

மலைநாட்டுப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. கோப்பியின் வீழ்ச்சியால் அரசின் வருவாய் சுருங்கியிருந்தது. ஊவாவுக்குப் பாதை தேவையா என்ற விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. 1886இல் ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில் ஊவா தனி மாகாணமானது. தேயிலை நம்பிக்கை தரத் தொடங்கியதும் பாதை நீட்டிப்புக்கு வழி பிறந்தது. 1893இல் ரயில் அப்புத்தளைக்கு வந்தது. 1894இல் பண்டாரவளைக்கும், முப்பது ஆண்டுகள் கழித்து 1924இல் பதுளைக்கும் சென்றது.

நானுஓயா–அப்புத்தளைப் பகுதி இலங்கை ரயில் பாதையின் மிகக் கடினமான கட்டங்களில் ஒன்று. அகலப் பாதையே (1,676 மி.மீ.) மலைமேலும் போடப்பட்டது. 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரமே உள்ள வளைவுகள் என்ற அளவில் பாதை மலையை ஒட்டிச் சுற்றி ஏறுகிறது. 1,890 மீற்றருக்கும் மேலுள்ள பட்டிப்பொலவை அடுத்து உச்சியைத் தொட்டு, சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும்போது ரயில் ஊவாவுக்குள் இருக்கும். பிறகு ஒஹிய, இதல்கஸ்ஹின்ன வழியாகச் சுரங்கம் சுரங்கமாக இறங்கி அப்புத்தளையை அடைகிறது. இதல்கஸ்ஹின்ன நிலையத்தில் பாதையின் இரு பக்கமும் பள்ளத்தாக்குகள் தெரியும்.

ஒற்றைப் பாதையாதலால் எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில்தான் விலகிக்கொள்ள முடியும். இதற்கு இங்கே பயன்படுவது டேப்லெட் முறை. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பகுதிக்கு உரிய வட்டமான உலோகத் தட்டு, தோல் பைக்குள் இடப்பட்டு ஒரு பெரிய வளையத்தில் கோக்கப்பட்டிருக்கும். அதைக் கையில் வாங்காமல் சாரதி வண்டியை நகர்த்தக் கூடாது. வண்டி மெதுவாக நுழையும்போது சாரதி பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வார். இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு தட்டு வெளியே இருக்கையில் அதே பகுதிக்கு இன்னொன்றை எடுக்க முடியாது.

பாதை இருந்ததன் விளைவுகள் விரைவில் தெரிந்தன. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவர்களுக்கான பெரிய முகாம் அப்புத்தளையை அடுத்த நிலையமான தியத்தலாவையில் அமைந்தது. அந்த ஊர் இன்றும் படைத்தள நகரமாக இருக்கிறது. ஹல்துமுல்லைக்கு மட்டும் ரயில் இறங்கவில்லை. வண்டிப் போக்குவரத்து முகட்டுக்கு மாறியதும் அதன் பழைய முக்கியத்துவம் குறைந்தது.

தோட்டங்களும் தொழிலும்

1890இல் கிளாஸ்கோவின் மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் இப்பகுதியில் தம்பேத்தன்னை, லேமஸ்தோட்டை, மோனரகந்தை ஆகிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரைத் தவிர்த்து, சொந்தத் தோட்டத் தேயிலையைப் பொட்டலங்களில் தம் கடைகளிலேயே மலிவாக விற்றது அவருடைய வணிக முறை. தம்பேத்தன்னைத் தொழிற்சாலை அவர் காலத்தது. அதற்கு மேலுள்ள மலையுச்சி ‘லிப்டன் ஆசனம்’ எனப்படுகிறது.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை மேற்கே மழை பெய்யும்போது, அந்தக் காற்று மலையைக் கடந்து ஈரம் வற்றி ஊவாப் பக்கம் வீசுகிறது. வாடிய கொழுந்துக்குத் தனி மணத்தைத் தருவது இந்த வறண்ட காற்றே. ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைப்பதும் இந்தப் பருவத்தில்தான்.

தோட்டத்தின் நாள், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தொடங்கும். மேற்பார்வையாளரான கங்காணி பேர் சொல்லி மலை பிரித்துக் கொடுப்பார். பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டும் படங்குமாக ஏறுவார்கள். கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பரா எனப்படும் காப்பகத்தில் விடப்படுவார்கள். கவ்வாத்து (செடி கத்தரிப்பு) வெட்டுவதும் கான் (வடிகால்) வெட்டுவதும் பெரும்பாலும் ஆண்கள் வேலை. கொழுந்து நிறுக்கும்போது குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும். வரிசையாகக் கட்டப்பட்ட லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் (அறை) முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பும் (திண்ணை) என்பதே பிரித்தானியர் விட்டுச்சென்ற அளவு. அந்த அளவிலேயே பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறியது. நாட்சம்பளம் நெடுநாள் போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது.

மக்கள் வாழ்க்கை

நகரத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தவரும் உள்ளனர். கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கின்றன. நகர நிர்வாகம் அப்புத்தளை நகர சபையிடம் உள்ளது. ரயில் பாதை ஊருக்கு நடுவே போவதால் தண்டவாளமே பலருக்கு நடைபாதை. பாடசாலைப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகும் பெண்களும் அதன் ஓரமாகவே வருவார்கள். விசில் சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்று, வண்டி போனதும் மறுபடி ஏறி நடப்பார்கள். சம்பளத்தை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டமே ‘டவுனுக்கு’ வந்துவிடும். அரிசி, மா, கருவாடு வாங்குவதும், அடகு நகையை மீட்பதும், வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகளைச் சந்தைக்கடையில் பார்த்துப் பேசுவதும் அன்றுதான் நடக்கும். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு முதலிய மலைநாட்டுக் காய்கறிகளுக்கும் இது ஒரு சந்தை.

தோட்டங்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. திருவிழாச் செலவுக்குத் தொழிலாளரின் சம்பளத்தில் பணம் பிடித்துச் சேர்ப்பது பழைய வழக்கம். மாசி வளர்பிறையில் கம்பம் நட்டு நடத்தப்படும் காமன் கூத்து மலையகத்தின் தலையாய கூத்து. ரதி, மதனாக வேடமிடுபவர்கள் விரதம் இருப்பார்கள். தப்பின் அடிக்கேற்ப லயம் லயமாக ஆடிச் செல்வார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் மதன் எரிவது கூத்தின் உச்சம். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியனவும் ஆடப்படுகின்றன.

நகரத்திலிருந்து சிறிது தூரத்தில், தங்கமலைக் காட்டை ஒட்டியிருக்கும் கல் மாளிகை அதிஷாம். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராக இருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் இதைக் கட்டினார். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயரை இட்டார். 1960களின் தொடக்கத்திலிருந்து இது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். துறவிகள் செய்யும் பழப்பாகு நாடெங்கும் அறியப்பட்டது.

வந்த வழியும் போன வழியும்

தொடக்கத்தில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்தவர்கள் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழி நடந்து மலையேறினர். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்தபின் வந்தவர்கள், மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டு, ரயிலிலேயே அந்தந்த மலை நிலையங்களில் இறங்கினர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. குடும்பங்கள் பிரிந்தன. பெற்றோருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த வீடுகள் உண்டு. தாயகம் திரும்புவோர் என எழுதப்பட்டவர்களில் பலர் அதுவரை இந்தியாவைக் கண்டதே இல்லை. தகரப் பெட்டியும் பாயும் சட்டிபானையுமாக நிலையத்தில் கூடி, பொல்காவலையில் வடக்குப் பாதைக்கு மாறி, தலைமன்னாரில் கப்பலேறினர். ஏறுவோரும் வழியனுப்புவோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அந்த வண்டியை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது. உள்நாட்டுப் போரால் 1984இல் கப்பல் நின்றுபோனது. அதற்கு முந்திய ஆண்டு, தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையில் பதுளை நகரத் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் தீர்த்துவைத்தன.

மண்சரிவுகள்

செங்குத்தான சரிவும் வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்து ஹல்துமுல்லைப் பிரிவை நாட்டின் ஆபத்தான மண்சரிவுப் பகுதிகளில் ஒன்றாக்கியுள்ளன. 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளைக் கோயிலோடு சேர்த்து மூடியது. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். அவர்களில் சிலர் அன்று பெற்றோரை இழந்தனர். புதையுண்ட பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. போக வேறு நிலமோ வீடோ இல்லாத மக்கள் அங்கேயே தங்கியிருந்தனர். லயம் கம்பனிக்குரியது, நிலம் அரசுக்குரியது, குடியிருப்பவருக்கு எதுவும் உரியதல்ல என்ற மலையகத்தின் அடிப்படைச் சிக்கலை இந்த அழிவு நாட்டின் முன் வைத்தது. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டித்தர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாவட்டமெங்கும் மீண்டும் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது.

இன்றைய நிலை

தேயிலை இன்று பெரும்பாலும் லொறியில் இறங்குகிறது. ரயில் பயணிகளுக்கானதாக மாறிவிட்டது. 2025 புயலுக்கு முன் உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே ஆகிய பகல் வண்டிகளிலும் இரவு அஞ்சல் வண்டியிலும் ஒருபுறம் வெளிநாட்டுப் பயணிகளும், மறுபுறம் கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் பயணித்தனர். சுற்றுலா விடுதிகள் நகரத்துக்கு வருமானம் தருகின்றன. அதில் லயத்துக்குப் போய்ச்சேரும் பங்கு சிறிது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராகவும் தாதியாகவும் அரச ஊழியராகவும் வரத் தொடங்கியிருப்பது அண்மைத் தலைமுறைகளின் பெரிய மாற்றம். முகட்டுக்கு ரயிலையும் நகரத்தையும் கொண்டுவந்தது இம்மக்களின் உழைப்பு. ஒரு துண்டுக் காணியும் அதற்கு உறுதியும், மண் சரியாத இடத்தில் சொந்த வீடும் என்பது இன்றும் அவர்களின் முதல் கோரிக்கையாக இருக்கிறது.