வீட்டுச் சேமிப்பகத்தைத் தொலைவிலிருந்து அணுகுதல்

வீட்டுச் சேமிப்பகத்தைத் தொலைவிலிருந்து அணுகுதல் என்பது, வீட்டு வலையமைப்பில் இணைந்துள்ள சேமிப்புக் கருவியொன்றின் கோப்புகளை வேறோர் ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ இணையம் வழியாகப் பயன்படுத்தும் முறை ஆகும். இக்கருவி வலையிணைப்புச் சேமிப்பகம் எனப்படும். பேச்சுவழக்கில் 'நாஸ்' என்பர். ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வன்தட்டுகளைக் கொண்ட சிறிய கணினியே இது. பெரும்பாலும் லினக்சு இயங்குதளத்தில் இயங்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆலங்குடி போன்ற பகுதிகளிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் பலர். அறந்தாங்கி வீட்டிலுள்ள சேமிப்பகத்தில் நிலப்பத்திரத்தின் படியும் திருமண நிகழ்படமும் இருக்க, அவற்றைச் சிங்கப்பூரில் உள்ள மகன் திறக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். இக்கட்டுரை அவ்வெடுத்துக்காட்டைக் கொண்டே விளக்குகிறது.

முகவரிச் சிக்கல்

வீட்டுக்குள் கோப்புப் பகிர்வு எளிது. சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனம் 1984 இல் வெளியிட்ட என்.எஃப்.எசு., விண்டோசு கணினிகள் பயன்படுத்தும் எசு.எம்.பி. ஆகிய நெறிமுறைகள் இதற்கு உதவுகின்றன. ஆனால் சேமிப்பகத்துக்குத் திசைவி வழங்கும் 192.168 எனத் தொடங்கும் ஐ.பி. முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். தெருப்பெயர் இல்லாத அறை எண் போன்றது அது. சிங்கப்பூரிலிருந்து அதனைத் தேடிப் பயனில்லை.

வீட்டிற்கெனப் பொது முகவரி இருந்தால் திசைவியை வெளியிலிருந்து அடையலாம். இந்தியாவில் பல இணைப்புகளுக்கு அதுவும் கிடைப்பதில்லை. ஐ.பி. பதிப்பு 4 இல் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலகளாவிய கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. எனவே சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. இதற்கெனவே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012 இல் ஒதுக்கப்பட்டன. திசைவியின் வெளி முகவரி இவ்வரம்பிலோ, 10 என்றோ தொடங்கினால், அவ்வீட்டுத் திசைவியில் எந்த அமைப்பை மாற்றினாலும் அம்முகவரி வழியே வெளியார் உள்ளே வர இயலாது. வழிகாட்டி நூலில் உள்ளபடியே எல்லாவற்றையும் செய்தும் இணைப்புக் கிடைக்காதோர் முதலில் பார்க்க வேண்டியது இதனையே. ஐ.பி. பதிப்பு 6 உள்ள இணைப்புகளில் இத்தட்டுப்பாடு இல்லை. ஆனால் இரு முனைகளிலும் அப்பதிப்பு இருத்தல் வேண்டும்.

துறை திறத்தலும் அதன் இடரும்

பொது முகவரி உள்ள வீடுகளில் பலர் கையாளும் பழைய வழி, திசைவியில் ஒரு துறையைத் திறந்து, வரும் வேண்டுகோள்களைச் சேமிப்பகத்துக்குத் திருப்பிவிடுவதாகும். மகனுக்குத் திறந்த வாயில் உலகோர் அனைவருக்கும் திறந்ததே என்பது இதிலுள்ள குறை. இணையத்தின் முகவரிகளைத் தானியங்கி நிரல்கள் இடையறாது துழாவிக்கொண்டிருக்கின்றன. எசு.எம்.பி. நெறிமுறைக்குரிய 445 ஆம் துறையை ஒருபோதும் இணையத்துக்குத் திறத்தலாகாது.

2021 ஏப்ரலில் கியூநாப் நிறுவனக் கருவிகளைத் தாக்கிய 'கியூலாக்கர்' பயனர்களின் கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிப் பணம் கேட்டது. 2022 சனவரியில் 'டெட்போல்ட்' அதே நிறுவனக் கருவிகளைக் குறிவைத்து 0.03 பிட்காயின் கோரியது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' கருவிகளுக்கு 2021 சூனில் நேர்ந்தது இன்னும் கொடியது: பலருடைய கோப்புகள் தொலைவிலிருந்தே முற்றாக அழிக்கப்பட்டன. அழிக்கும் கட்டளைக்கு முன் கடவுச்சொல் கேட்கும் நிரல்வரிகள் அக்கருவியில் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. 2015 இலேயே அதற்கான மென்பொருள் இற்றைப்படுத்தல் நின்றுவிட்டது. கருவி நன்றாக இயங்குகிறது என்பதால் அது பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

மெய்நிகர் தனியார் வலையமைப்பு

இன்று பரிந்துரைக்கத்தக்க முறை இதுவே. பயனரின் கைப்பேசிக்கும் வீட்டிற்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட தடம் ஒன்று அமைகிறது. சிங்கப்பூரில் இருப்பவர் அறந்தாங்கி வீட்டுக்குள் அமர்ந்திருப்பது போல 192.168 முகவரியையே பயன்படுத்தலாம். ஓப்பன்வி.பி.என்., வயர்கார்டு ஆகியவை இதற்கான கட்டற்ற மென்பொருட்கள். வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்சு கருவகத்தின் 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. உரிய சாவியின்றி வரும் வேண்டுகோளுக்கு அது மறுமொழியே அனுப்பாது. ஆகவே துழாவும் நிரல்களுக்கு அங்கே ஒரு வாயில் இருப்பதே தெரிவதில்லை.

பொது முகவரி இல்லாத வீடுகளுக்கு டெயில்சுகேல், சீரோடையர் போன்ற சேவைகள் பொருந்தும். இவற்றில் இரு முனைகளும் உள்ளிருந்து வெளிநோக்கித் தொடர்பு கொள்கின்றன. நேர்த்தடம் அமையாவிடில் இடைவழங்கி ஒன்று பொதிகளைக் கடத்தித் தருகிறது. திசைவியில் எதையும் திறக்க வேண்டியதில்லை.

வேகம் வீட்டு இணைப்பின் பதிவேற்ற அளவைப் பொறுத்தது. நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்றத்தில் 1 கிகாபைட் கோப்பைப் பெறக் குறைந்தது 13 நிமிடங்கள் ஆகும்.

மின்தடையும் மறுபடியும்

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கசா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் வீட்டுச் சேமிப்பகம் வெளியூரிலிருந்து எட்டாது. கூரை ஒழுகினால் வன்தட்டும் மிஞ்சாது. இரு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் அமைப்பு ஒரு தட்டுப் பழுதை மட்டுமே தாங்கும்; வெள்ளத்தையோ திருட்டையோ பணம் பறிக்கும் நிரலையோ தாங்காது. ஆகையால் பத்திரம் போன்றவற்றின் மற்றொரு படியை வேறு ஊரில் வைத்தல் வேண்டும். அதே மறையாக்கத் தடத்தின் வழியே இரவுதோறும் சிங்கப்பூரிலுள்ள வன்தட்டுக்கு அதனைப் படியெடுக்கலாம். மின்சாரம் மீண்டதும் தானாக இயங்கும்படி சேமிப்பகத்தில் முன்கூட்டியே அமைத்துவைக்கவும் இயலும். தடையில்லா மின்வழங்கியில் சேமிப்பகத்துடன் திசைவியையும் இணைப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.