குழந்தை குடிமகன், அம்மா வெளியாள்

அயர்லாந்தில் ஒரு காலத்தில் அந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை உண்டு. அதை வளர்க்கும் வெளிநாட்டுப் பெற்றோருக்கும் பெரும்பாலும் தங்க அனுமதி கிடைத்துவந்தது. 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குழந்தை குடிமகன் என்பதற்காகப் பெற்றோரை அனுப்பக்கூடாது என்றில்லை என்றது. குழந்தை? அம்மாவோடு போகவேண்டியதுதான்!

2004 ஜூன் 11 வாக்கெடுப்பில் 79 சதவீதம் பேர் அந்தப் பிறப்புரிமையையே மாற்றச் சம்மதித்தார்கள்.

ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக 2005-இல் ஒரு திட்டம் வந்தது. சுமார் 16,700 பேருக்கு, முதலில் இரண்டு வருட அனுமதி. ஆனால் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திடவேண்டும்: ஊரில் விட்டுவந்த கணவரையோ மற்ற பிள்ளைகளையோ அழைத்துவர இதனால் உரிமை கிடையாது என்று.

சேர்க்கைப் படிவங்களில் எத்தனையோ பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியவன் நான். இப்படி ஒரு தாளை யாரிடமும் நீட்டியதில்லை.