விராலுக்கு வரம்பு, ஜிலேபிக்கு விலக்கு: தாம்பரம் ஏரிகளின் மீன்பிடி ஒழுங்கு

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிக் கரைகளில் விடுமுறைக் காலைகளில் தூண்டில்காரர்கள் கூடுகிறார்கள். நைலான் நரம்பு, தெர்மாகோல் தக்கை, சிறிய முள், இரைக்கு மண்புழு அல்லது மைதா உருண்டை. நண்பகலுக்குள் வாளியில் சேர்வதில் பெரும்பகுதி உள்ளங்கை அகல ஜிலேபி. விரால் ஒன்று சிக்கிவிட்டால் அன்றைக்குப் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பெரிய மீன் அருகிவிட்டது என்ற குறையும் அதே கரையில்தான் கேட்கிறது. ஆளுக்கு இத்தனை மீன் என்று வரம்பு வைத்தால் என்ன என்ற கேள்வி அங்கிருந்து எழுகிறது.

கேள்வி நியாயமானது. ஆனால் தலைக்கு இத்தனை என்ற எண்ணிக்கை வரம்பு இந்த ஏரிகளுக்குப் பெரிதாக உதவாது. மீனின் இனம், உடல் நீளம், இனப்பெருக்கப் பருவம் ஆகிய மூன்றையும் பார்த்து வைக்கும் வரம்பே பயன் தரும். அதை எழுதிவைக்க ஏற்ற இடம் மீன்பாசிக் குத்தகையின் நிபந்தனைப் பட்டியல். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

எண்ணிக்கை வரம்பு வேரூன்றிய இடம் வட அமெரிக்கா. விஸ்கான்சின் மாநிலம் புளூகில் போன்ற சிறு ஏரிமீன்களுக்கான நாள் வரம்பை 1998-இல் 50-லிருந்து 25-ஆகக் குறைத்தது. மின்னசோட்டா 2021 முதல் தேர்ந்தெடுத்த ஏரிகளில் 20 என்றிருந்ததை 10-ஆகவும் 5-ஆகவும் இறக்கியது. இதற்குப் பின்னால் ஓர் உயிரியல் காரணம் உண்டு. புளூகில் இனத்தில் ஆண்மீன்தான் தரையில் குழி பறித்துக் கூடு அமைத்து முட்டையைக் காக்கும். உடல் பெருத்த ஆண்கள் இருக்கும்வரை இளம் ஆண்கள் கூட்டுக்குப் போட்டியிடாமல் வளர்ச்சியில் கவனம் வைக்கின்றன. பெரியவை தூண்டிலில் போய்விட்டால் இளையவை வளரும் முன்பே பருவமடைகின்றன. சில தலைமுறைகளில் ஏரி முழுக்கக் குறுமீனாகிவிடுகிறது. ஆகவே அங்கே வரம்பின் குறி, கூடு காக்கும் பெரிய ஆணைத் தண்ணீரிலேயே விட்டுவைப்பது. எண்ணிக்கை அதற்கு ஒரு கருவி.

அந்தக் கருவியை அப்படியே தாம்பரத்துக்குக் கொண்டுவர முடியாது. இங்குள்ள ஏரிமீன்கள் மூன்று வகை. மூன்றுக்கும் மூன்று கணக்கு.

முதல் வகை கட்லா, ரோகு, மிர்கால். குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விடுபவை இவை. தேங்கிய ஏரி நீரில் இவை இனம் பெருக்குவதில்லை. இயற்கையில் வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். 1957-இல் ஹிராலால் சௌத்ரி ஊசிமூலம் முட்டையிட வைக்கும் முறையில் வெற்றி கண்டபிறகே பண்ணைக் குஞ்சு பெருகியது. எனவே இவை விதைத்து அறுக்கும் பயிர். எத்தனை பிடித்தாலும் அடுத்த ஆண்டின் விளைவு, விடும் குஞ்சைப் பொறுத்தது.

இரண்டாம் வகை ஜிலேபி. இலங்கையிலிருந்து 1952-இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியாவே இந்தப் பெயரில் முதலில் பரவியது. நெரிசலான நீரில் சில மாதக் குட்டியாக இருக்கும்போதே முட்டையிடத் தொடங்கும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் பிழைப்பவை அதிகம். இரை போதாமல் எல்லாமே சிறுத்துப்போகின்றன. கரையில் கேட்கும் ‘பெரிய மீன் இல்லை’ என்ற குறையில் பாதிக்கு இந்த நெரிசலே காரணம். ஜிலேபிக்கு வரம்பு வைப்பது நோயைக் காப்பதாகும். வாளி நிறையப் பிடித்துப் போகிறவர் ஏரிக்கு உதவியே செய்கிறார்.

மூன்றாம் வகைதான் வரம்புக்கு உரியது: இந்த மண்ணின் மீன்களான விரால், குரவை, கெளுத்தி, கெண்டை. இவற்றில் விரால் தனிக் கவனம் பெறவேண்டியது.

மழைக்காலத்தில் பாசியும் செடியும் அடர்ந்த ஓரத்தில் விரால் ஜோடி ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்து முட்டையிடுகிறது. முட்டை மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் திரளாக நீர்ப்பரப்பில் வந்து வந்து காற்று குடிக்கும்; தாய்தந்தை கீழே நின்று காவல் காக்கும். இந்தத் திரள் தெரிந்தவுடன் அனுபவமுள்ள தூண்டில்காரர் உயிர்த் தவளையையோ ரப்பர் தவளையையோ அதன் நடுவே எறிகிறார். காவல் மீன் பசி இல்லாமலேயே பாய்ந்து கவ்வுகிறது. ஒரு வீச்சில் போவது ஒரு மீன். காவலற்ற குஞ்சுக் கூட்டத்தை அடுத்த சில நாட்களில் கொக்கும் பிற மீன்களும் தீர்க்கின்றன. நாளுக்கு ஒரு விரால் என்று மிகக் கடுமையான எண்ணிக்கை வரம்பு வைத்தாலும் அந்த ஒன்று காவல் மீனாக இருந்தால் இழப்பு இதேதான். பருவ வரம்பு மட்டுமே இதைத் தடுக்கும்.

அடுத்து, குத்தகை. தமிழக ஏரிகளின் மீன்பாசி உரிமையை ஏலத்தில் விடுவது நெடுநாள் வழக்கம். கணக்கு பசலி ஆண்டில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஓடும். ஓராண்டுக்கு மட்டும் எடுத்தவருக்கு ஜூனுக்குப் பின் ஏரியில் நீந்தும் மீன் அடுத்தவர் சொத்து. கோடையில் நீர் இறங்கும்போது சின்னக் கண்ணி வலையால் அடியோடு அரித்தெடுக்காமல் விட அவருக்குக் காரணமே இல்லை. முன்பு இந்த இழப்பை மழை ஈடுசெய்தது. கோடையில் ஏரி காய்ந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கல் வழியாக நீரை எதிர்த்து ஏறிவரும் கெண்டையும் சேற்றில் புதைந்து பிழைத்த விராலும் ஏரியை மீண்டும் நிரப்பும். இன்று சிட்லபாக்கத்திலிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக்குச் செல்லும் சங்கிலியில் கால்வாய்கள் குறுகி, கழிவுநீரும் கலக்கிறது. கீழிருந்து மீன் ஏறிவரும் வழி அடைபடும்போது, ஓர் ஏரியில் அரித்தெடுத்ததை அடுத்த ஏரி ஈடுசெய்ய முடியாது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் பழைய இடம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, 1873-இல் வெளியான நன்னீர் மீன்வள அறிக்கையில் குஞ்சழிப்பையும் நெருக்கக் கண்ணி வலையையும் கண்டித்தார். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்தது. வலையின் வகை, கண்ணி அளவு பற்றி விதி செய்யவும், குறித்த நீர்நிலையில் இரண்டு ஆண்டுவரை மீன்பிடியை நிறுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. அதற்கும் முன்பே, 1879-இல், வேட்டை விலங்கோடு மீனையும் காக்க நீலகிரிக்கென்று தனிச் சட்டம் வந்தது. அது மலைவாசத் துரைமார்களின் பொழுதுபோக்கைக் காக்க எழுந்தது. சமவெளி ஏரிக்கு அந்த அக்கறை எட்டவில்லை.

கடலில் நிலைமை வேறு. தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை நடைமுறையில் உள்ளது. கேரளம் 2015-இல் 14 கடல் இனங்களுக்கும் 2017-இல் மொத்தம் 58 இனங்களுக்கும் குறைந்தபட்சப் பிடிப்பு அளவை அறிவித்தது. பருவத் தடையும் அளவு வரம்பும் நம் மீனவர்களுக்கு அந்நியமல்ல என்பதற்கு இவை சான்று.

ஏரியிலும் இத்தகைய வரம்பு வைக்கச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். தூண்டில்காரர் ஏழை, அவர் வாளியைச் சோதிப்பது அநியாயம் என்பது ஒன்று. முன்மொழியும் விதி அவரைப் பெரும்பாலும் தொடாது. அவர் பிடிப்பது ஜிலேபி. கண்காணிக்க ஆள் ஏது என்பது மற்றொன்று. இதற்கு விடை சந்தையில் இருக்கிறது. விரால் உயிரோடு தொட்டியில் விற்கப்படும் விலையுயர்ந்த மீன். நீரில் ஒவ்வொரு வலையையும் துரத்துவதைவிட மீன்கடைத் தொட்டியில் அடிக்கோல் வைத்து அளப்பது எளிது. ஆனால் பண்ணை விராலும் அதே தொட்டியில் நீந்துவதால் விற்பவரிடம் கொள்முதல் சீட்டு கேட்க வேண்டியிருக்கும். இந்தச் சிக்கலை விதி எழுதுபவர்கள் முன்கூட்டியே தீர்த்தாக வேண்டும்.

எந்த வரம்பும் கெட்ட நீரைச் சரிசெய்யாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கோடை முடிந்து முதல் மழை கால்வாய்ச் சகதியை ஏரிக்குள் தள்ளும்போது நீரில் கரைந்த உயிர்வளி சரிகிறது. விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்கின்றன. காற்றை நேரே குடிக்கும் விராலும் குரவையும் தப்புகின்றன. தப்பிய மீனை உண்பது நல்லதா என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. கழிவுநீரை நிறுத்துவதும் மீன்பிடியை ஒழுங்குபடுத்துவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. சிதறிக் கிடந்த உள்ளாட்சிகள் ஒரு குடையின்கீழ் வந்தன. நீர்வளத் துறை, மீன்வளத் துறை, மாநகராட்சி மூன்றும் சேர்ந்து தொடங்க ஏற்ற இடம் செம்பாக்கம் ஏரி. நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி ஆகியவை அங்கே சீரமைப்பில் ஈடுபட்டிருப்பதால் அறிவியல் துணைக்குக் குறைவில்லை. குத்தகை விடும் ஏரிகளில் குறைந்தது மூன்று ஆண்டுக் குத்தகை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை விரால் பிடிக்கத் தடை, ஓரடிக்குக் குறைந்த விராலைத் திரும்ப விடும் விதி, கலங்கல் வாயில் வலைகட்டத் தடை, ஜிலேபிக்கு எந்த வரம்பும் இல்லை: இந்த ஐந்தையும் நிபந்தனையாக்கி, கரையேறும் விராலின் நீளத்தை ஒரு பதிவேட்டில் மூன்று பசலிக்குக் குறித்துவந்தால் போதும். சராசரி நீளம் கூடினால் விதியைக் கீழ்க்கட்டளைக்கும் நாராயணபுரத்துக்கும் நீட்டலாம். கூடாவிட்டால் பழுது நீரிலா விதியிலா என்று தேட அந்தப் பதிவேடே முதல் சான்றாகும்.