மட்டம் போடுதலும் மனப்பதற்றமும்: பள்ளி மறுப்பு குறித்த கருத்து வளர்ச்சி

பதின்ம வயது மாணவரின் மனப்பதற்றம் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் முதலில் தலைகாட்டுகிறது. ஆனால், பதிவேட்டின் வெற்றிடம் காரணத்தைக் கூறுவதில்லை. ஊர்சுற்றச் சென்றவனும் அச்சத்தால் வீட்டிலேயே முடங்கியவளும் அங்கு ஒன்றாகவே பதிவாகின்றனர். இவ்விரு நிலைகளும் வேறானவை என்னும் தெளிவு எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அத்தெளிவு ஆசிரியரின் அணுகுமுறையை எவ்வாறு மாற்ற வேண்டும் என்பதையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஐந்து முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி வருகையைக் கட்டாயமாக்கியது. பள்ளி வருகை சட்டக் கடமையானபோது, வராமை குற்றமாயிற்று. அதற்குரிய மறுமொழியும் விசாரணை, எச்சரிக்கை, தண்டனை என்றே அமைந்தது.

இப்பார்வையில் மாற்றத்தை ஏற்படுத்தியவர்களுள் அமெரிக்க மனநல அறிஞர் பிராட்வின் குறிப்பிடத்தக்கவர். அவர் 1932இல் வெளியிட்ட கட்டுரையில், மட்டம் போடுவோராகக் கருதப்பட்ட சில பிள்ளைகள் உண்மையில் பேரச்சத்தால் வீட்டில் தங்கியவர்கள் என்றும், அவர்கள் இருக்குமிடம் பெற்றோருக்குத் தெரிந்தே இருந்தது என்றும் எடுத்துக்காட்டினார். 1941இல் ஜான்சனும் அவர்தம் குழுவினரும் இந்நிலைக்குப் 'பள்ளியச்சம்' எனப் பெயரிட்டு, தாயைப் பிரிவதில் எழும் பதற்றமே இதன் வேர் என விளக்கினர்.

1960இல் இலண்டனைச் சேர்ந்த ஹெர்சொவ் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்கு மிகவும் இன்றியமையாதது. பள்ளி மறுப்பாளர் ஐம்பதின்மரையும் மட்டம் போடுவோர் ஐம்பதின்மரையும் அவர் ஒப்பிட்டார். பள்ளி மறுப்பாளரிடையே நன்கு படிப்போரும் நன்னடத்தையுடையோரும் மிகுதியாக இருந்தனர். அதாவது, ஆசிரியர் எவரைக் குறித்துக் கவலைப்படத் தேவையில்லை என்று எண்ணுகிறாரோ, அவரே உள்ளுக்குள் துன்புறுபவராக இருக்கக்கூடும்.

மறுமொழியும் மாறியது. 1965இல் கென்னடி, திடீரெனத் தோன்றிய ஐம்பது பள்ளியச்ச நேர்வுகளில், பிள்ளைகளை விரைந்து பள்ளிக்குத் திரும்பச் செய்து வெற்றி கண்டார். எனினும், நாட்பட்ட பதற்றமுடைய பதின்ம வயதினருக்கு அம்முறை அப்படியே பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை. படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளப் பழக்குவதே இன்றைய சிகிச்சைகளின் அடிப்படையாகும். இரு அணுகுமுறைகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: பள்ளியைத் தொடர்ந்து தவிர்ப்பது அப்போதைக்கு ஆறுதல் தந்தாலும் அச்சத்தை வளர்க்கவே செய்யும். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல், குழந்தைப் பருவ, பதின்மப் பருவப் பதற்றக் கோளாறுகளுக்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது.

இவ்வரலாறு மலேசியத் தமிழாசிரியர்களுக்கும் அயலானதன்று. ஆறாண்டுகள் தமிழ்வழி பயின்ற பிள்ளை, பதின்ம வயதின் வாயிலில் மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. மொழி, நண்பர், ஆசிரியர் அனைத்தும் ஒரே வேளையில் மாறுகின்றன. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு நீங்கினும் இம்மாற்றம் நீங்கவில்லை. இந்நிலையில் வராத மாணவரை உடனே 'பொந்தேங்' என முத்திரையிட்டுக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புவது, 1932க்கு முந்தைய காலத்திற்குத் திரும்புவதாகும்.

பள்ளி நாள்களின் காலையில் தோன்றி விடுமுறையில் மறையும் வயிற்றுவலி, தலைவலி. வாய்மொழித் தேர்வன்று மட்டும் வராமை. பிழை நேருமோ என மீண்டும் மீண்டும் கேட்டல். ஓய்வு நேரத்தில் ஒதுங்கியிருத்தல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். எனினும், உடல்நோயோ பகடிவதையோ காரணமாக உள்ளதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். மாணவரிடம் தனியே பேசி, பெற்றோரையும் ஆலோசக ஆசிரியரையும் இணைத்து, முதலில் ஒரு பாடவேளை, பின்னர் அரைநாள் எனத் திரும்பும் வழியை வகுக்கலாம். துன்பம் நீடித்தால் மருத்துவ உதவி தேவை. தன்னைத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அவ்வுதவியை அன்றே நாட வேண்டும்.

'ஏன் வரவில்லை?' என்னும் வினா விசாரணையாகவும் அமையலாம், அக்கறையாகவும் அமையலாம். இதனை வேறுபடுத்தி அறிய அறிஞருலகிற்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. வகுப்பறையில் அவ்வேறுபாட்டை உணர்த்துவது ஆசிரியரின் குரலேயாகும்.