உடன்படிக்கையும் மரணசாசனமும்

கிறிஸ்தவர்களின் திருமறை பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்னும் இரு பகுதிகளை உடையது என்பதை யாவரும் அறிவர். அதற்கு ‘ஏற்பாடு’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது? அதன் மூலத்தைத் தேடிச் சென்றால், ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்து நாட்டில் மொழிபெயர்ப்பாளர் சிலர் ஒரு சொல்லை விலக்கி மற்றொரு சொல்லை எடுத்துக்கொண்ட செய்தியிற் போய் நிற்போம்.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘பெரித்’ என்பது. ஆணையிட்டுச் செய்துகொள்ளும் உறுதியான பிணைப்பை அது குறிக்கும். கிணறு ஒன்றைப் பற்றிய பூசலைத் தீர்த்து ஆபிரகாம் அபிமெலேக்கு மன்னனோடு செய்துகொண்டது பெரித். யோனத்தானும் தாவீதும் நட்பினாற் பிணைந்தது பெரித். சீனாய் மலையில் இறைவன் இஸ்ரவேல் மக்களோடு செய்ததும் பெரித்தே. எபிரேயர் இதனைப் பெரும்பாலும் ‘வெட்டினார்கள்’ என்றே கூறுவர். விலங்கினை இரு கூறாகப் பிளந்து வைத்து, உறுதி கூறுவோர் அவற்றின் நடுவே நடந்து செல்லும் வழக்கம் இருந்தமையை எரேமியாவின் நூல் 34ஆம் அதிகாரம் காட்டுகிறது. சொல் தவறினால் இக்கதியே எமக்கும் ஆகுக என்பது அச்சடங்கின் கருத்து.

பெரித் எப்பொழுதும் நிகரானவர்களிடையே நிகழ்ந்ததன்று. துருக்கி நாட்டிலுள்ள பொகாஸ்கோயில் 1906 முதல் அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளில், ஹிட்டைட்டுப் பேரரசர்கள் தமக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்கள் உள்ளன. பேரரசன் தான் புரிந்த நன்மைகளை எடுத்துரைத்து, நிபந்தனைகளை விதிப்பான். சிற்றரசன் ஆணையிட்டு அவற்றை ஏற்பான். சீனாய் மலையில் நிகழ்ந்ததும் இவ்வமைப்பை ஒத்ததே என்று 1954இல் மெண்டன்ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த யூதர்களுக்குக் கிரேக்கமே பேச்சுமொழியாகிவிட்டது. அவர்கள் பொருட்டு மோசேயின் ஐந்து நூல்களும் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. எழுபத்திரண்டு அறிஞர் கூடிப் பெயர்த்தனர் என்னும் மரபுக்கதையால் அது ‘எழுபதின்மர் மொழிபெயர்ப்பு’ எனப் பெயர் பெற்றது. பெரித் என்பதற்கு அவர்கள் என்ன சொல்லை இடுவது? உடன்படிக்கையைக் குறிக்கக் கிரேக்கத்தில் ‘சுன்தேக்கே’ என்னும் சொல் வழக்கில் இருந்தது. இதன் முதலில் நிற்கும் ‘சுன்’ என்பது ‘உடன்’ எனப் பொருள்படும். மொழிபெயர்ப்பாளர்களோ அதனை விட்டு, ‘தியாத்தேக்கே’ என்னும் சொல்லை எடுத்தனர். ஒருவர் தம் விருப்பின்படி வகுத்து வைக்கும் ஒழுங்கே தியாத்தேக்கே. இறைவனும் மனிதனும் நிகராக அமர்ந்து பேசி முடித்த ஒப்பந்தம் என்னும் எண்ணம் எழாதிருக்கவே இவ்வாறு செய்தனர் என்பது அறிஞர் பலர் கருத்து.

ஆயினும் அன்றாட வழக்கில் அச்சொல் வேறொன்றையும் சுட்டியது. ஒருவன் தன் உடைமையை இன்னாருக்கு என்று எழுதிவைக்கும் மரணசாசனத்துக்கு அதுவே பெயர். எகிப்தின் மணலிற் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில் இப்பொருளிலேயே அது வழங்குகிறது. புதிய ஏற்பாட்டில் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆசிரியர் இவ்விரு பொருளையும் அறிந்தவர். சாசனம் எழுதியவன் இறந்த பின்னரே சாசனம் செல்லும். ஆதலின் புதிய தியாத்தேக்கே நிலைபெறக் கிறிஸ்துவின் மரணம் வேண்டியதாயிற்று என்று 9ஆம் அதிகாரத்தில் அவர் வாதிடுவதாகப் பெரும்பாலோர் பொருள் கொள்வர். எபிரேயச் சொல்லை மட்டும் கொண்டு இவ்வாதத்தை எழுப்ப இயலாது. பெரித் செய்தவர் உயிரோடிருந்து அதனைக் காப்பதே முறையன்றோ! மொழிபெயர்ப்பு, மூலத்தில் இல்லாத ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எபிரேய மறையை மீண்டும் கிரேக்கத்தில் பெயர்த்த அக்கிலா, சுன்தேக்கே என்னும் சொல்லுக்கே திரும்பினார். மேற்கு நாடுகளிலோ மரணசாசனத்தைக் குறிக்கும் ‘தெஸ்தாமெந்தும்’ என்னும் இலத்தீன் சொல் வேரூன்றியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எபிரேயத்திலிருந்து நேரே பெயர்த்த ஜெரோம், உடன்படிக்கைப் பொருளுள்ள வேறு சொற்களையே பெரிதும் ஆண்டார். எனினும், அதற்குள் நூலின் இரு பகுதிகளுக்கும் தெஸ்தாமெந்தும் என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பின்னர்ப் பலர் கைப்பட்டுத் திருந்தி, இன்றும் பெரிதும் வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பில், அந்த ஒரே கிரேக்கச் சொல் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. பெரும்பாலான இடங்களில் அது ‘உடன்படிக்கை’. எபிரேயர் நிருபத்தின் அந்த வாதத்தில் ‘மரணசாசனம்’. நூலின் பெயரில் ‘ஏற்பாடு’. அலெக்சாந்திரியாவில் விலக்கப்பட்ட ‘உடன்’ என்னும் கருத்து, தமிழ் உடன்படிக்கையில் மீண்டும் இடம் பெற்றுவிட்டது. ‘ஏற்பாடு’ என்பதோ, வகுத்து வைத்த ஒழுங்கு என்னும் பழைய கிரேக்கப் பொருளுக்கு அருகில் நிற்கிறது.

மறைநூலைப் பயில்வோர், கையிலுள்ள சொல் எம்மொழியிலிருந்து எவ்வழியாக வந்தது என்று உசாவுதல் நன்று. இறைவனும் மனிதனும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்களா, அன்றி ஒருவர் ஈய மற்றவர் பெறுபவர்தாமா என்னும் பெருவினா இந்த ஒரு சொல்லினுள் அடங்கியிருக்கிறது. பெரித் என்னும் எபிரேயச் சொல் இரண்டுக்கும் இடம் தந்தது. அதனைப் பெயர்த்த மொழி ஒவ்வொன்றும் அவற்றுள் ஒன்றை முன்னிறுத்தியது.