எண் முதலில் வந்தது

ருஷ்ய நாட்டிலே 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் நிகழ்ந்த படுகொலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஸ்டாலின் பெயரோடு நின்றுவிடுகின்றனர். அவரும், அவர் ஏவலில் நின்ற உள்நாட்டுத் துறைத் தலைவர் யெஷோவும் பெரும் பொறுப்பாளிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருவர் கையொப்பத்தால் மட்டும் 6,81,692 பேர் சுடப்பட்டு விடுவார்களா? இஃது அத்துறையே வைத்திருந்த கணக்கு. கையொப்பத்திற்கும் சவக்குழிக்கும் இடையே எத்தனை மேசைகள் இருந்திருக்க வேண்டும்! தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு அம்மேசைகளின்மீதே கண் செல்கிறது.

1937 ஜூலை 30ஆம் நாள் யெஷோவ் கையொப்பமிட்ட 00447ஆம் எண் கட்டளையைப் பார்ப்போம். குலாக்குகள் எனப்பட்ட வசதியுள்ள குடியானவரையும், குற்றவாளிகளையும், அரசின் விரோதிகள் எனக் கருதப்பட்ட பிறரையும் களைவது அதன் நோக்கம். அது வெறியன் எழுத்தாகத் தோன்றவில்லை. நாம் நாள்தோறும் கோப்பில் சேர்க்கும் சுற்றறிக்கையைப் போலவே இருக்கிறது. மாகாணங்களின் பெயர்கள், எதிரே இரண்டு வகுப்புகள். முதல் வகுப்பினரைச் சுடுவது. இரண்டாம் வகுப்பினரை எட்டு முதல் பத்தாண்டு வரை அடைப்பது. மாஸ்கோ மாகாணத்திற்கு 5,000, 30,000. லெனின்கிராடுக்கு 4,000, 10,000. குற்றவாளிகளை ஒவ்வொருவராக எண்ணியிருந்தால் தொகை இவ்வாறு வட்டமாக வந்திருக்குமா? எண் முதலில் வந்தது; மனிதர் பின்னரே தேடப்பட்டனர்.

ஒருமுறை நம் மேசைக்கும் ஓர் எண் வந்தது. ஆட்களில் பன்னிருவரைக் குறைக்க வேண்டும், பெயர் குறிக்கப்படவில்லை. பெயர்களை நாமே எழுதினோம். ஒருவர்மீதும் நமக்குப் பகை இல்லை. கூலி போனதை உயிர் போனதோடு ஒப்பிடுவது தகாது. ஆனால் அன்று மாலை பட்டியலைச் சுத்தப் பிரதி செய்தபோது, எழுத்து அழகாக அமைந்ததே என்று மகிழ்ந்ததை நாம் மறக்கவில்லை.

ருஷ்யாவிலோ, வந்த எண் போதாதென்று மாகாண அதிகாரிகளே மேலும் கேட்டனர். சிலர் ஆர்வத்தால் கேட்டனர். குறைவாகச் செய்தவன்மீது சந்தேகம் விழும் என்ற அச்சத்தால் கேட்டோரும் உண்டு. முதல் வகுப்பிற்கு 75,950 என்று தொடங்கிய கட்டளையின்கீழ் 3,80,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நான்கு மாதத்தில் முடிய வேண்டிய வேலை 1938 நவம்பர் வரை நீண்டது. மூவர் கொண்ட குழு குற்றவாளியின் முகத்தைக் காணாமலே பட்டியலில் தீர்ப்பெழுதியது. மாஸ்கோவை அடுத்த புதோவோவில் மட்டும் 20,000க்கு மேற்பட்டோர் சுடப்பட்டனர். யெஷோவும் 1940இல் சுடப்பட்டார்.

2021இல் வெளிவந்த ‘காப்டன் வோல்கோனோகோவ் தப்பினான்’ என்னும் ருஷ்யத் திரைப்படத்தில் அத்துறை அதிகாரி ஒருவன், மாண்டவர்களின் உறவினரிடம் மன்னிப்பு நாடி வீடு வீடாக அலைகிறான். படம் நன்றே, ஆயினும் அவ்வாறு கதவு தட்டிய அதிகாரியைப் பற்றி நாம் சரித்திரத்தில் படித்ததில்லை. நம் மனத்தைத் தைத்தது லிடியா சுக்கோவ்ஸ்காயா எழுதிய ‘சோஃபியா பெத்ரோவ்னா’ என்ற சிறு நாவலே. அதன் நாயகி கொலைகாரி அல்லள். ஒரு பதிப்பகத்துத் தட்டெழுத்துப் பிரிவின் தலைவி. அங்கே ஓர் எழுத்துப் பிசகியதற்காக ஒரு பெண் வேலையிழக்கிறாள். நாயகியின் மகனும் சிறைப்படுகிறான். சிறைவாயில் வரிசையில் நிற்கும்போதும், தன் மகன் விஷயத்தில் மட்டுமே தவறு நேர்ந்தது, மற்றப் பெண்களோ மெய்யான துரோகிகளின் உறவினர் என்றே அத்தாய் எண்ணுகிறாள்.

ஆசிரியை இதனை 1939-40 குளிர்காலத்தில் மறைவாக எழுதினார். அவர்தம் நாட்டில் அது அச்சேறியது 1988இல்தான். அவருடைய கணவர், பௌதிக அறிஞர் மத்வேய் புரோன்ஸ்டைன், 1938 பிப்ரவரியில் சுடப்பட்டார். மனைவிக்குக் கிடைத்த விடையோ, “பத்தாண்டுச் சிறை, கடிதம் எழுத உரிமையில்லை” என்பது. சுடப்பட்டோரின் குடும்பத்தார் பலருக்கும் அவ்விடையே அளிக்கப்பட்டது. அதனைச் சொல்வதற்கும் சாளரத்தின் பின்னே ஒருவர் அமர்ந்திருந்தார். சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவரை அழைத்தார்.