காணாமற்போன பொத்தானின் சரித்திரம்

மின்னஞ்சல் நிரலைத் தினந்தோறும் கையாளும் அலுவலகங்களில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் புகார் ஒன்று உண்டு: நேற்று மாலைவரை கருவிப்பட்டையில் இருந்த பொத்தான், இன்று காலை நிரலைத் திறந்தபோது அங்கே இல்லை என்பதே அது. நிரலோடு கூடப் பிறந்த பொத்தான்கள் பற்றி இப்புகார் எழுவது அபூர்வம். உபயோகிப்பவர் தம் சௌகரியத்துக்காகத் தாமே சேர்த்துக்கொண்டதோ, வெளியார் ஒருவர் எழுதிய ஆட்-இன் என்னும் துணைநிரல் கொண்டுவந்து வைத்ததோதான் பெரும்பாலும் மறைகிறது. இந்த வேற்றுமையைச் சற்றே ஊன்றிக் கவனிப்போமானால், கணினியின் கோளாறு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது போதாது என்பதும், திரையின் உச்சியில் ஓடும் அந்தக் குறுகிய பட்டை யாருக்குச் சொந்தம் என்ற நெடுங்கால வழக்கு இம்மறைவுகளின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் புலப்படும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் நிரலில் அவ்வழக்கின் தடயங்கள் மிகுதியாகக் கிடைப்பதால், அதனையே இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

பொத்தான் வரிசை, படங்களால் இயங்கும் கணினியோடு உடன்பிறந்ததன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1973-ல் ஆல்ட்டோ என்னும் இயந்திரம் உருவாகி, அதன் அநுபவத்தைக் கொண்டு 1981-ல் ஸ்டார் என்ற இயந்திரம் விற்பனைக்கு வந்தபோது, திரையிலே படக்குறிகள் இருந்தனவாயினும், நகர்த்தல், பிரதியெடுத்தல், அழித்தல் ஆகிய பொதுக் கட்டளைகள் விசைப்பலகையின் இடப்புறத்தில் தனித்தனி விசைகளாகவே அமைந்திருந்தன. 1984-ல் வந்த மாக்கின்டாஷ் கட்டளைகளைத் திரையின் உச்சியில் மெனுக்களாகத் தொங்கவிட்டது. அடிக்கடி வேண்டப்படும் கட்டளைகளைப் படப் பொத்தான்களாக்கிக் கண்ணெதிரே நிறுத்தும் வழக்கத்தை, மைக்ரோசாப்டின் எக்ஸெல் 1990-ல் தன் மூன்றாம் பதிப்பிலும், வோர்ட் 1991-ல் தன் இரண்டாம் பதிப்பிலும் கைக்கொண்டன. அந்த வரிசையை உபயோகிப்பவரே மாற்றியமைத்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. உரிமை வந்த நாளே இழப்பும் சாத்தியமான நாள்.

1997-ல் ஆபீஸ் 97 தொகுப்போடு அவுட்லுக் வெளிவந்தது. மெனு வேறு, கருவிப்பட்டை வேறு என்றிருந்த பழைய பாகுபாட்டை நீக்கி, இரண்டையும் கமாண்ட் பார் என்ற ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்து, எந்தக் கட்டளையையும் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அத்தொகுப்பு செய்தது. இங்கேதான் நம் விஷயத்தின் வேர் இருக்கிறது. திரையில் தெரியும் பட்டை, நிரலை மூடியவுடன் இல்லாமற் போய்விடுகிறது. கொலுப்படியில் பொம்மைகளை ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்குவதுபோல, நிரல் திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு குறிப்பைப் பார்த்துப் புதிதாக அடுக்கப்படுகிறது. அவுட்லுக்கில் அந்தக் குறிப்பு ‘அவுட்சிஎம்டி.டேட்’ என்ற சிறு கோப்பிலே இருந்தது. உபயோகிப்பவர் செய்த மாற்றமெல்லாம், நிரல் முறையாக மூடப்படும் சமயத்தில் அதில் எழுதப்பட்டன. நிரல் நடுவிலே முறிந்து விழுந்தால் அன்றைய மாற்றம் எழுதப்படாமலே போகும்; கோப்பு பழுதுபட்டாலோ, இருந்த பொத்தான் மறையும், இல்லாத பொத்தான் தோன்றும், சில சமயம் ஒன்றே இரண்டாகவும் நிற்கும்.

இதற்கு உதவி மேசைக்காரர்கள் சொல்லிவந்த பரிகாரம் ஒன்றுதான்: நிரலை மூடிவிட்டு, அக்கோப்பின் பெயரின் கடைசிப் பகுதியை ‘ஓல்டு’ என்று மாற்றிவிட்டு, மறுபடி திறப்பது. கோப்பைக் காணாத அவுட்லுக், தான் பிறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு புதுப் பட்டையை அமைத்துக்கொள்ளும். காணாமற்போன ஒன்றைத் தேடப்போய், ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த மற்ற எல்லாவற்றையும் இழக்கச் செய்யும் இந்த வைத்தியத்தை வைத்தியம் என்று சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது; ஆயினும் பலித்தது என்னவோ உண்மை.

கோப்புப் பழுது ஒருபுறமிருக்க, நிரலை இயற்றியவர்களின் நல்லெண்ணமே காரணமான மறைவுகளும் உண்டு. ஆபீஸ் 2000-ல், அடிக்கடி தொடாத கட்டளைகளை ஒளித்து, தொடுகின்றவற்றை மட்டும் முன்னே காட்டும் ‘கற்றுக்கொள்ளும்’ மெனுக்கள் வந்தன. இரண்டு கருவிப்பட்டைகள் ஒரே வரிசையில் நெருக்கப்பட்டு, இடம் போதாத பொத்தான்கள் வலக்கோடியிலுள்ள இரட்டை அம்புக்குறியின் கீழே தள்ளப்பட்டன. மாதத்திற்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் பொத்தான், வேண்டியபோது கண்ணில் படாமற் போயிற்று. அழிந்துவிட்டதென்றே பலர் நம்பினார்கள். போதாக்குறைக்கு, ஆல்ட் விசையை அழுத்தியபடி ஒரு பொத்தானைப் பட்டைக்கு வெளியே இழுத்து விட்டால், கேள்வியின்றி அது நீங்கிவிடும் என்ற ஏற்பாடும் இருந்தது. தெரிந்தவருக்கு அது குறுக்குவழி. தெரியாமல் கை தவறி இழுத்தவருக்கோ, தாம் என்ன செய்தோம் என்பது கடைசிவரை விளங்குவதில்லை.

இனி, வெளியார் கொண்டுவந்து வைத்த பொத்தானின் கதை. புகார்களில் பெரும்பகுதி இதைப் பற்றியதே. அவுட்லுக்குக்கு முந்தைய எக்ஸ்சேஞ்ச் கிளையன்ட் காலத்திலிருந்தே வெளியார் நீட்சிகளை எழுதிச் சேர்க்க வழியிருந்தது. அந்நீட்சிகளின் பட்டியலை ‘எக்ஸ்டெண்ட்.டேட்’ என்ற கோப்பு வைத்திருந்தது. அவுட்லுக் 2000 பதிப்பு காம் ஆட்-இன் என்ற எளிய முறையைக் கொண்டுவந்ததும், தொலைநகல் அனுப்பவும், தொடர்பு முகவரிகளை ஒழுங்குசெய்யவும், குப்பை அஞ்சலை வடிகட்டவும் என்று சிறு நிறுவனங்கள் பல புறப்பட்டு, ஆளுக்கொரு பொத்தானை அந்தப் பட்டையில் நட்டன. ஒழுக்கமுள்ள துணைநிரல், தன் பொத்தானைத் தற்காலிகமானது என்று அறிவித்து, நிரல் மூடும்போது நீக்கிவிட்டு, அடுத்த முறை திறக்கும்போது மீண்டும் வைக்கும். அவ்விதம் வைக்கும் துணைநிரலே எழுந்திருக்கவில்லையானால் பொத்தான் எங்கிருந்து வரும்? பொத்தானைத் தேடுகிறவர் பட்டையிலே தேடுகிறார். காணாமற்போனதோ பட்டைக்கு அப்பாலுள்ள துணைநிரல்.

துணைநிரல் எழாமற்போகும் விதம், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணாகப் பதிந்திருக்கும். ‘லோட்பிஹேவியர்’ என்ற அந்தப் பதிவில் 3 என்றிருந்தால், நிரல் தொடங்கும்போதே துணைநிரலும் தொடங்கும். தொடங்கும் வேளையில் ஏதேனும் பிழை நேர்ந்தால், அவுட்லுக் அந்த 3-ஐ 2 ஆக்கிவிட்டு, அப்புறம் அதனை எழுப்புவதே இல்லை. அவுட்லுக்கையே முறித்துவிட்ட துணைநிரலுக்குத் தண்டனை இன்னும் கடுமை: அது முடக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்க்கப்படும். 2003-ஆம் பதிப்பில் அப்பட்டியலைக் காண ஹெல்ப் மெனுவில் அபவுட் என்ற பெட்டிக்குள் நுழைய வேண்டும்; துணைநிரல்களின் பொதுப் பட்டியலுக்கோ, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அதர், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், காம் ஆட்-இன்ஸ் என்று படிப்படியாக இறங்கவேண்டும். பதிப்புரிமை வாசகத்தைப் படிப்பதற்காக இருக்கும் பெட்டிக்குள் மருந்தை ஒளித்துவைத்தவர்களின் மதியூகத்தை நான் வியந்ததுண்டு.

பொத்தான் இருந்தும் இல்லாததுபோல் ஆவதும் உண்டு. பொத்தானின் அழுத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய மாறியை, நிரலாளர் ஒரு சிறு செயற்கூறுக்குள்ளே மட்டும் வாழும்படி எழுதிவிட்டாரானால், அச்செயற்கூறு முடிந்தபின் நினைவகத் துப்புரவில் அது அடித்துச் செல்லப்பட்டு, பொத்தான் உயிரற்ற படமாக நிற்கும். 1999 மார்ச்சில் மெலிஸ்ஸா என்ற வைரஸும், 2000 மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற புழுவும் அவுட்லுக் வழியாக உலகைச் சுற்றிவந்த பிறகு, மேக்ரோக்கள் என்னும் குறுநிரல்களில் கையொப்பமில்லாதவற்றை ஓடவிடாத கட்டுப்பாடுகள் இறுகியபோது, அலுவலகக் குமாஸ்தாக்கள் தம் கையாலேயே எழுதிப் பொத்தானில் கட்டிவைத்திருந்த சின்னஞ்சிறு மேக்ரோக்களும் அதில் அகப்பட்டன. கடிதம் எழுதும் சாளரத்தின் குழப்பமோ தனி. வோர்டையே கடித எழுதியாகக் கொண்டவர்களுக்கு அச்சாளரத்தின் பட்டைகள் அவுட்லுக்கைச் சேராமல் வோர்டைச் சேர்ந்தன. ஆகையால் ஒருவர் மேசையில் தோன்றும் பொத்தான், அதே துணைநிரலை வைத்திருக்கும் அடுத்தவர் மேசையில் தோன்றாமற் போயிற்று.

இவ்வளவு வம்புக்கும் முடிவு கட்ட நினைத்தவர்களே ரிப்பன் என்ற அகன்ற பட்டையை ஆபீஸ் 2007-ல் கொண்டுவந்தார்கள். வோர்டின் இரண்டாம் பதிப்பில் இரண்டாக இருந்த கருவிப்பட்டைகள், 2003-க்குள் 31 ஆகப் பெருகியிருந்தன. அப்பணியில் முன்னின்ற ஜென்சன் ஹாரிஸ் வெளியிட்ட கணக்கின்படி, பட்டைகளைத் திருத்தியமைத்து உபயோகித்த அமர்வுகள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு; அவற்றிலும் மிகப்பெரும்பாலானவை நான்கு பொத்தான்களுக்கு மேற்படாதவை. இந்தக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு, உபயோகிப்பவரின் உரிமை விரைவு அணுகல் பட்டை என்ற ஒற்றை வரிக்குள் சுருக்கப்பட்டது. நூற்றில் இரண்டுதானே என்பது எண்ணளவில் சரி. ஆனால் அந்த இரண்டுக்கு உரியவர்களே நாள் முழுவதும் அந்நிரலில் உழைப்பவர்களாகவும், அலுவலகத்தில் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவர்களாகவும் இருக்கக்கூடும் என்பதைச் சராசரி காட்டாது. பழைய முறையில் எழுதிய வெளியார் பொத்தான்கள் புதிய சாளரங்களில் ‘ஆட்-இன்ஸ்’ என்ற தனித் தாவலுக்குள் ஒதுக்கப்பட்டன. 2007-ல் கடிதச் சாளரத்தோடு நின்ற இம்மாற்றம், 2010-ல் அவுட்லுக்கின் முதன்மைச் சாளரத்துக்கும் வந்தது. பொத்தான் மறைந்துவிட்டது என்று அப்போது எழுந்த கூக்குரல்களில் பல, இடமாற்றத்தைப் பற்றியவையே. ரிப்பனைத் தாமே திருத்தியமைக்கும் உரிமையும் 2010-ல் ஒருவாறு திரும்பியது.

2013-ஆம் பதிப்போடு நிரல் தானே நீதிபதியாயிற்று. தொடர்ந்து ஐந்து தொடக்கங்களை அளந்து, அவற்றின் நடு அளவில் ஒரு துணைநிரல் 1000 மில்லிசெகண்டுக்கு மேல், அதாவது ஒரு விநாடிக்கு மேல், எடுத்துக்கொண்டால் அதை முடக்கிவிடும் விதி வந்தது. விதி நியாயமானதே; துணைநிரல்கள் தாமதப்படுத்திய பழி அவுட்லுக்கின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. எனினும் பழைய இயந்திரத்தில், வைரஸ் தடுப்பு நிரல் வன்தட்டை ஆராயும் காலை வேளையில், குற்றமற்ற துணைநிரலும் ஒரு விநாடியைத் தாண்டும். இப்பதிப்பில் ஒரு நன்மை, அத்தகைய துணைநிரல்களின் பட்டியல் ஃபைல் பக்கத்திலேயே வைக்கப்பட்டு, இதை எப்போதும் இயக்கு என்று சொல்லும் அதிகாரமும் உபயோகிப்பவருக்குத் தரப்பட்டது.

மைக்ரோசாப்டை மட்டும் குறைகூறுவது முறையாகாது. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு கண்ட தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலும், தன் உள்ளுறுப்புகளையே தொட்டு மாற்றும் சுதந்திரத்தைத் துணைநிரல்களுக்கு வழங்கியிருந்தது. பட்டையில் எவையெவை எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்துப் படிக்கும் முறையே அங்கும். 2020-ல் 78-ஆம் பதிப்பு பழைய வகைத் துணைநிரல்களைக் கைவிட்டபோதும், 2023-ல் 115-ஆம் பதிப்பு உச்சியில் புதியதோர் ஒருங்கிணைந்த பட்டையை நிறுவியபோதும், அங்கேயும் இதே புகார் எழுந்தது.

மைக்ரோசாப்ட் இப்போது முன்னிறுத்தும் புதிய அவுட்லுக் காம் ஆட்-இன்களை ஏற்பதே இல்லை. இணைய முறையில் எழுதப்பட்ட துணைநிரல்களுக்கு மட்டுமே அங்கே இடம். அதற்கு மாறியவர்களின் பழைய பொத்தான் மறைந்தால், அதற்குப் பழுதுபார்க்கும் வழி இல்லை. பழைய அவுட்லுக்கிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொத்தான் காணவில்லையென்றால், ஆபீஸ் முழுவதையும் நீக்கி மறுபடி நிறுவும் வேலையில் அரை நாளைச் செலவிடாதீர்கள். முடக்கப்பட்டவற்றின் பதிவு உபயோகிப்பவரின் கணக்கைச் சேர்ந்த ரிஜிஸ்ட்ரிப் பகுதியில் இருப்பதால், நிரலை நீக்கினாலும் அது நீங்காது. புதிதாக நிறுவிய அவுட்லுக்கும் அதே பதிவைப் படித்து, அதே துணைநிரலை மறுபடியும் வாசலிலேயே நிறுத்திவிடும். முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.